மூடிய பானைக்குள் என்ன இருக்கிறது? கெய்ரோ கடைத்தெருவில் ஓர் உணவு நடை



வெளியில் வாங்கிச் சாப்பிடுவது நம் வீடுகளில் இப்போது வாடிக்கையாகிவிட்டது. மந்தி, ஷவர்மா, ஃபலாஃபல், குனாஃபா என்று அரபுப் பெயர்கள் நம் தெருமுனைக் கடைகளின் பலகைகளில் ஏறிவிட்டன. பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்கள் மனப்பாடம். அரபுக் கடைத்தெருவில் அந்த உணவை விற்றவருக்கு என்ன பொறுப்பு இருந்தது, வாங்கியவரை யார் பாதுகாத்தார்கள் என்பதை மட்டும் நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது. எகிப்தின் கெய்ரோவில் ஒரே ஒரு தெருவில் நடந்தபடி, வழியில் கிடைப்பதைச் சுவைத்தபடி இதைப் படிப்போம்.

நடக்கத் தொடங்குமுன் ஒரு செய்தியை நினைவில் கொள்வோம். மதீனாவின் கடைத்தெருவில் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது, அதற்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்று விற்பவர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்ற கருத்தில் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் இந்தச் செய்தியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தக் கை உள்ளே போனதைக் கவனியுங்கள். வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாத இடம் எது என்று தேடி, அங்கே போனது அந்தக் கை. உணவு வியாபாரத்தின் சிக்கல் முழுவதும் அந்தத் தெரியாத இடத்தில்தான் இருக்கிறது. பானையின் அடியில் இருப்பதும், எண்ணெய் எத்தனையாவது முறை காய்கிறது என்பதும், மாவு பிசைந்த கை எப்படி இருந்தது என்பதும் சாப்பிடுபவருக்குத் தெரியாது.

இனி தெருவுக்கு வருவோம். கெய்ரோ கி.பி. 969இல் ஃபாத்திமியர்கள் அமைத்த நகரம். அதன் முதுகெலும்பு போன்ற தெருவுக்கு அல்-முஇஸ் தெரு என்று பெயர். வடக்கே பாபுல் ஃபுதூஹ் வாசல், தெற்கே பாப் ஸுவைலா வாசல். இரண்டும் 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்லில் கட்டப்பட்டவை, இன்றும் நிற்கின்றன. இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான் தூரம். நேராக நடந்தால் கால் மணி நேரம் போதும். வழிகாட்டியோடு சாப்பிட்டுக்கொண்டே போகிறவர்களுக்கு அரை நாள் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் போனால் பல கடைகள் மூடியிருக்கும் என்பதால் வேறு நாளில், காலையிலேயே வடக்கு வாசலில் தொடங்குவது நல்லது.

காலையில் அங்கே முதலில் கண்ணில் படுவது ஃபூல் வண்டி. ஃபூல் என்பது நம் மொச்சையைப் போன்ற ஒரு பயறு. குடம் போல வயிறு பெருத்து, கழுத்து குறுகிய ஓர் உலோகப் பானையில் அதை இரவு முழுவதும் மிக மெல்லிய சூட்டில் வேக வைக்கிறார்கள். அதற்கு ஃபூல் முதம்மஸ் என்று பெயர். காலையில் நீளமான கரண்டியைக் குறுகிய கழுத்துக்குள் விட்டு அள்ளி, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, சீரகத்தூள் சேர்த்து மசித்துக் கொடுப்பார்கள். கூடவே ரொட்டி, பச்சை வெங்காயம், ஊறுகாய். ஏழைக்கும் பணக்காரருக்கும் அதுவே காலை உணவு. ரமலானில் சஹர் உணவும் பெரும்பாலும் அதுதான், வயிற்றில் நெடுநேரம் நிற்கும்.

முற்காலத்தில் இந்தப் பானைகள் பொதுக் குளியலறைகளான ஹம்மாம்களின் அடுப்பில் வெந்தன. ஹம்மாமின் வெந்நீருக்காக இரவும் பகலும் நெருப்பு எரியும். நகரின் குப்பையும் அதற்கு எரிபொருள். அந்தத் தணலிலும் சாம்பலிலும் பானையைப் புதைத்து வைத்துவிட்டு, விடியலில் எடுத்துக்கொண்டு போவார்கள். விறகு அரிதான நாடு அது. வீட்டில் அடுப்பு மூட்டுவதைவிடக் கடையில் சமைத்ததை வாங்குவதே பலருக்குச் சிக்கனமாக இருந்தது. வெளிச் சாப்பாடு என்றால் நமக்கு ஆசைக்குச் சாப்பிடுவது. அந்த நகரத்தின் எளிய மக்களுக்கோ அது அன்றாடத் தேவை. கடைச் சோறு கெட்டுப்போனால் ஒரு நகரமே நோயில் விழும் என்பதால்தான் அங்கே கண்காணிப்பும் கடுமையாக இருந்தது.

ஃபூல் சாப்பிடுமுன் ஒரு மருத்துவ எச்சரிக்கை. ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்களுக்கு இந்தப் பயறு ஆகாது. இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலையும் கடும் சோகையும் வரலாம். நம் நாட்டிலும் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள், ஆண் பிள்ளைகளிடம் அதிகம். பிறந்தபோது மருத்துவர் அப்படி எழுதிக் கொடுத்திருந்தால், ஃபூலையும் அதே பயறில் செய்யும் எகிப்திய வடையையும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

வண்டிக்காரர் ஃபூலோடு தரும் ரொட்டிக்கு ஐஷ் பலதீ என்று பெயர். மற்ற அரபு நாடுகளில் ரொட்டியை குப்ஸ் என்பார்கள். எகிப்தில் மட்டும் ஐஷ். அந்தச் சொல்லுக்கு வாழ்வு என்பது பொருள். தவிடு கலந்த, உள்ளே காற்றுப் புகுந்து உப்பிய வட்ட ரொட்டி அது. பேரீச்ச மட்டையில் பின்னிய அகலத் தட்டில் நூற்றுக்கணக்கான ரொட்டிகளை அடுக்கி, அதைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் சைக்கிள் ஓட்டிப் போகும் இளைஞர்களை இந்தத் தெருவில் பார்க்கலாம். கீழே ஒரு துண்டு விழுந்து கிடந்தால் பெரியவர்கள் அதை எடுத்து, முத்தமிட்டு, மிதிபடாத ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள்.

ரொட்டி அங்கே அரசையே அசைக்கும் பொருள். 1977 ஜனவரியில் உணவு மானியத்தைக் குறைப்பதாக அரசு அறிவித்ததும் மக்கள் தெருவில் இறங்கினர். பல உயிர்கள் போயின, அரசு பின்வாங்கியது. அதன்பின் மானிய ரொட்டி ஒன்று 5 கிர்ஷ் என்ற விலையில் பல பத்தாண்டுகள் நின்றது. 2024 ஜூன் 1 முதல் அது 20 கிர்ஷ் ஆனது. நூறு கிர்ஷ் ஒரு எகிப்திய பவுண்டு. குடும்ப அட்டையில் உள்ள ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 5 ரொட்டி என்பது கணக்கு. நம் ரேஷன் அரிசியை நினைத்தால் இது புரியும். சுற்றுலா வருகிறவர்கள் இந்த மானிய ரொட்டி வரிசையில் போய் நிற்கக் கூடாது. நமக்கு வேறு கடைகளில், வேறு விலையில் ரொட்டி கிடைக்கிறது.

ரொட்டிக் கடைக்காரருக்கு அந்தக் காலத்தில் இருந்த விதிகளைக் கேட்டால் வியப்பு வரும். அரபு நகரங்களில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். கடைத்தெருவில் எடை, அளவு, கலப்படம், சுத்தம் ஆகியவற்றைப் பார்ப்பது அவர் வேலை. அந்தப் பணிக்கு ஹிஸ்பா என்று பெயர். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ என்பவரும், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தைச் சேர்ந்த இப்னுல் உகுவ்வா என்பவரும் முஹ்தஸிபுகளுக்காகக் கையேடுகள் எழுதினார்கள். ரொட்டி சுடுபவர், மீன் பொரிப்பவர், ஹரீஸா கிண்டுபவர், இனிப்பு செய்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் அவற்றில் தனிப் பகுதி உண்டு.

அஷ்ஷைஸரீயின் கையேட்டில் மாவு பிசைபவரைப் பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். அவர் காலால் மாவை மிதிக்கக் கூடாது. இறுக்கமான கையுள்ள ஆடை அணிய வேண்டும். பேசும்போதோ தும்மும்போதோ எச்சில் தெறிக்காமல் இருக்க வாயையும் மூக்கையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை மாவில் சொட்டாமல் இருக்க நெற்றியில் ஒரு பட்டை கட்ட வேண்டும். கையிலுள்ள முடியை மழித்திருக்க வேண்டும். பகலில் பிசைந்தால், ஈ ஓட்டுவதற்கென்றே ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கிருமி என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுதியது இது. முகக்கவசத்தைக் கொரோனா காலத்தில்தான் கற்றுக்கொண்டோம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

இறைச்சிக்கும் அப்படியே. வெள்ளாட்டுக் கறியைச் செம்மறிக் கறியோடு கலக்கக் கூடாது. வேறுபாடு தெரிய வெள்ளாட்டுக் கறியில் குங்குமப்பூப் புள்ளி வைக்க வேண்டும். வெட்டும் கட்டையில் இரவில் உப்பைத் தூவி மூட வேண்டும். கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இரவெல்லாம் வேகும் ஹரீஸாவுக்குத்தான் எனக்கு மிகவும் பிடித்த விதி இருக்கிறது. முஹ்தஸிப் வந்து, உள்ளே போட்டதைப் பார்த்து, பானையின் வாயை மூடித் தம் முத்திரையை வைத்துவிட்டுப் போவார். விடிந்தபின் அவர் முன்னால்தான் அது திறக்கப்படும். பானையின் உள்ளே இருப்பது சாப்பிடுபவருக்குத் தெரியாது, ஆகவே அவருக்காக வேறொருவர் பார்த்து முத்திரை வைக்கிறார். தானியக் குவியலுக்குள் சென்ற அந்தக் கையை நம் முன்னோர்கள் எப்படி ஒரு நிர்வாகமாக மாற்றினார்கள் என்பது இதில் தெரிகிறது.

தெருவில் தெற்கே நகர்ந்தால் பைனல் கஸ்ரைன் என்ற பகுதி வரும். இரண்டு அரண்மனைகளுக்கு இடைப்பட்ட இடம் என்று பொருள். அரண்மனைகள் போய்விட்டன, பெயர் நிற்கிறது. இங்கே சூடான தஅமிய்யா வாங்கிச் சாப்பிடலாம். மற்ற நாடுகளில் ஃபலாஃபலைக் கொண்டைக்கடலையில் செய்வார்கள். எகிப்தியர் ஃபூல் பயற்றை ஊற வைத்து, கொத்தமல்லி, வெங்காயம், பூண்டு சேர்த்து அரைத்து, எள் தூவிப் பொரிக்கிறார்கள். கடித்தால் உள்ளே பச்சையாக இருக்கும். நம் பருப்பு வடைக்கு நெருங்கிய சொந்தம். எண்ணெய்ச் சட்டி கண்ணெதிரே இருக்கிற கடையில் வாங்குங்கள். எண்ணெய் கறுத்துப் புகைந்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

இந்த இடத்தில்தான் மக்ரீஸீயை நினைக்க வேண்டும். கெய்ரோவின் தெருக்களையும் கடைகளையும் பற்றி இவ்வளவு விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர் வேறு யாரும் இல்லை. அவரே 1399இல் கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டவர். கடைக்கடையாகப் போய் எடைக்கல்லைப் பார்த்த மனிதர் எழுதியது என்பதால் அவர் எழுத்துக்குத் தனி மதிப்பு. பஞ்சமும் விலையேற்றமும் வந்தபோது அதைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். வானம் பொய்த்தது மட்டும் காரணம் இல்லை, லஞ்சம் கொடுத்துப் பதவி வாங்குவதும், குத்தகை உயர்வும், மதிப்பிழந்த செப்புக் காசும் மக்களைப் பட்டினி போட்டன என்று அதில் வாதிட்டார். முஹ்தஸிப் பதவியே அவர் காலத்தில் காசுக்கு விற்கப்பட்டது. காவல் காப்பவரே விலைக்கு வந்துவிட்டால் முத்திரைக்கு என்ன மதிப்பு?

அவர் குறிப்பிடும் இன்னொரு செய்தி. கடைகளில் பாலும் பாலாடைக்கட்டியும் சமைத்த உணவும் கொடுத்துவிட்டுத் தூக்கி எறியப்படும் சிவப்பு மண் கிண்ணங்கள், கட்டும் நூல், காகிதம் இவற்றின் மதிப்பு மட்டுமே நாளொன்றுக்கு ஆயிரம் தீனார் பெறும் என்று கெய்ரோவாசிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்களாம். மண் கிண்ணம் மண்ணோடு போய்விடும். நம் பிளாஸ்டிக் டப்பா போகாது.

பார்சல் தரும் பழக்கம் அதற்கும் முந்தியது. 1047இல் எகிப்துக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், அம்ர் பின் ஆஸ் (ரலி) பெயரிலுள்ள பள்ளிவாசலுக்குப் பக்கத்துக் கடைத்தெருவைப் பார்த்து எழுதியிருக்கிறார். மளிகைக் கடைக்காரர்களே கண்ணாடி, மண்பாண்டம், காகிதம் என்று எதில் கட்ட வேண்டுமோ அதில் கட்டிக் கொடுத்தார்கள், வாங்க வருபவர் பாத்திரம் கொண்டுவரத் தேவையில்லை. விலை நேர்மையாக இருந்தது. ஏமாற்றியவர் பிடிபட்டால் ஒட்டகத்தில் ஏற்றி, கையில் மணியைக் கொடுத்து, தான் பொய் சொன்னதைத் தானே கூவிக்கொண்டு ஊர் சுற்ற வைத்தார்கள்.

எல்லா முஹ்தஸிபுகளையும் புகழ வேண்டியதில்லை. 1830களில் கெய்ரோவில் வாழ்ந்த எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் ஒரு கொடூரமான முஹ்தஸிபைப் பற்றி எழுதியிருக்கிறார். எடை குறைத்த கறிக்கடைக்காரரின் முதுகிலிருந்து அதே எடைக்குச் சதையை அறுத்தாராம். குனாஃபாவுக்குச் சற்று அதிக விலை வாங்கியவரை, அது வேகும் சூடான தட்டிலேயே உட்கார வைத்தாராம். இதற்கும் ஹிஸ்பாவுக்கும் தொடர்பில்லை, இது அநியாயம். ஃபிக்ஹு நூல்கள் முஹ்தஸிபுக்கு அறிவும் மென்மையும் வேண்டும் என்றே சொல்கின்றன. முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும், பிறகு எச்சரிக்க வேண்டும், தண்டனை கடைசியில்தான்.

பைனல் கஸ்ரைனில் தின்றுகொண்டே தலையை நிமிர்த்தினால் சுல்தான் கலாவூனின் பெரிய வளாகம் தெரியும். 1284–85இல் கட்டப்பட்டது. அதில் பள்ளிவாசலும் மதரஸாவும் மட்டுமின்றி மருத்துவமனையும் இருந்தது. ஆண், பெண், ஏழை, பணக்காரர் என்ற பேதமின்றி இலவச சிகிச்சை, மருந்து, உணவு. செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? கடைகள், குளியலறைகள், சத்திரங்கள் இவற்றின் வாடகையை வக்ஃபாக எழுதி வைத்திருந்தார்கள். இந்தத் தெருவைப் புரிந்துகொள்ள இது முக்கியம். வியாபாரி கொடுத்த வாடகை நோயாளியின் கஞ்சியானது. அதே தெரு இரண்டாகப் பிரியும் முனையில் அப்துர் ரஹ்மான் கத்குதா 1744இல் கட்டிய சபீல் நிற்கிறது. கீழே வழிப்போக்கருக்கு இலவசக் குடிநீர், மேலே அநாதைப் பிள்ளைகளுக்கு குர்ஆன் பாடசாலை. கெய்ரோவில் இப்படி ஏராளமான சபீல்கள் இருந்தன. வருபவர் முஸ்லிமா, உள்ளூர்க்காரரா என்று யாரும் கேட்கவில்லை.

இனி தாகத்துக்கு. கான் அல்-கலீலி என்ற புகழ்பெற்ற கடைவளாகம் இடப்பக்கம் வரும். 1380களில் ஜஹார்கஸ் அல்-கலீலி என்ற அமீர் கட்டிய வணிகச் சத்திரத்தின் பெயர் இது. இப்போது பாதிக்கு மேல் சுற்றுலாப் பொருட்கள்தான், பேரம் பேசாமல் வாங்காதீர்கள். அங்கே நடமாடும் பானக்காரர்கள் பித்தளைத் தட்டுகளைத் தாளம் போல் தட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் இரண்டு பானங்கள் பழமையானவை. ஒன்று தம்ர் ஹிந்தி. இந்தியப் பேரீச்சை என்று பொருள். குடித்தால் நம் வீட்டுப் பானகத்தின் ருசி! நம் புளிதான் அது. கப்பலில் போன புளிக்கு அரபுகள் வைத்த பெயர் உலக மொழிகளிலெல்லாம் பரவியது. மற்றது இர்க் ஸூஸ், அதாவது அதிமதுரப் பானம். கசப்பும் இனிப்புமாக இருக்கும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஒரு மிடறோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதிமதுரம் அழுத்தத்தை ஏற்றும். தெருவோரத் தண்ணீரும் பனிக்கட்டியும் புதிய வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மூடிய தண்ணீர் பாட்டிலும் கொதிக்கும் தேநீரும் பாதுகாப்பானவை.

மதியத்துக்குக் குஷரி. அரிசி, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே மொறுமொறுப்பான வெங்காயம், தக்காளிச் சாறு, பூண்டும் வினிகரும் கலந்த நீர். இறைச்சி கிடையாது, விலை மலிவு, வயிறு நிறையும். இதன் பெயர் நம் நாட்டுக் கிச்சடியிலிருந்து வந்தது என்பது பலரின் கருத்து. இப்னு பதூதா 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பாசிப்பருப்பும் அரிசியும் வேகவைத்து நெய்யோடு காலையில் சாப்பிடுவதைப் பார்த்து, அதை கிஷ்ரீ என்று குறித்து வைத்திருக்கிறார்.

அதே பகுதியில் ஷவர்மாக் கம்பியும் சுழல்கிறது. இந்தத் தெருவின் மற்ற உணவுகளைப் போல அது பழையதன்று. 19ஆம் நூற்றாண்டு உஸ்மானியத் துருக்கியில் இறைச்சியைச் செங்குத்தான கம்பியில் சுட்ட முறையிலிருந்து வந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவி, 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் ஒரு சிறுமி, ஷவர்மா சாப்பிட்டபின் இறந்துபோனார்கள். இன்னும் பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஷவர்மா கெட்ட உணவு அன்று. அதன் அமைப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. கம்பியில் வெளிப்பக்கம் வெந்திருக்கும், உட்பக்கம் பச்சையாக இருக்கும். கூட்டம் அதிகமானால் வேகாத அடுக்கையும் சேர்த்துச் சீவிவிடுவார்கள். கூட்டம் குறைந்தால் நெருப்பை அணைத்துவிட்டு மீண்டும் மூட்டுவார்கள். இளஞ்சூட்டில் நிற்கும் இறைச்சியில் கிருமிகள் வேகமாகப் பெருகும். மீந்ததை மறுநாள் புதிய இறைச்சியோடு சேர்த்தால் சொல்லவே வேண்டாம். அதோடு பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தது இதனால்தான்.

அந்தக் கடைகளில் "ஹலால்" என்று எழுதியிருக்கும். அறுத்த முறை ஹலாலாக இருக்கலாம். குர்ஆனோ உணவைப் பற்றிப் பேசும்போது ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. பலகையில் முதல் சொல்லை எழுதிவிட்டு இரண்டாவதை மறந்துவிட்டோம். நம் ஜமாஅத்தில் உணவகம் நடத்தும் சகோதரர்கள் பலர் இருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தள்ளுவண்டிக்கும் பதிவு வேண்டும். 14 இலக்க எண்ணைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும். அந்த எண் இன்றைய முத்திரை. முத்திரை இருந்தாலும், இரவு பத்து மணிக்கு மீந்த இறைச்சியை என்ன செய்கிறோம் என்பதைப் பார்க்க அதிகாரி வரமாட்டார். பெற்றோர்கள் செய்யக்கூடியதும் உண்டு. சீவிய இறைச்சியை மீண்டும் கல்லில் போட்டுச் சூடாக்கித் தரும்படி கேளுங்கள். மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்சலாக வாங்கி இரண்டு மூன்று மணி நேரம் பையிலேயே வைத்திருந்து பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கெய்ரோவுக்குத் திரும்புவோம். கான் அல்-கலீலியைத் தாண்டிச் சாலையைக் கடந்தால் அல்-அஸ்ஹர். கி.பி. 972இல் தொழுகை தொடங்கிய பள்ளிவாசல், இன்று உலகறிந்த பல்கலைக்கழகம். பல நாட்டு மாணவர்கள் ரிவாக் என்ற தனித்தனி விடுதிப் பகுதிகளில் தங்கிப் படித்தார்கள். மொரோக்கோ பக்கத்தவருக்கு ஒன்று, சிரியாவினருக்கு ஒன்று, துருக்கியருக்கு ஒன்று. அவர்களுக்கு நாள்தோறும் வக்ஃபிலிருந்து வழங்கும் ரொட்டிக்கு ஜிராயா என்று பெயர். ஊரை விட்டு வந்த பிள்ளை பசியோடு கிதாபைத் திறக்கக் கூடாது என்பதற்காகக் கடைகளையும் நிலங்களையும் எழுதி வைத்தார்கள். நம் மதரஸாக்களில் வீட்டுக்கு வீடு முறை வைத்து மாணவர்களுக்குச் சோறு அனுப்பிய பழக்கம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

அங்கிருந்து தெற்கே கூரிய்யா. 1504–05இல் கட்டப்பட்ட கூரீயின் வகாலா இன்றும் பார்க்கலாம். கீழே சரக்கறை, மேலே வியாபாரிகள் தங்கும் அறைகள், நடுவில் முற்றம். துணிக்கடை நெரிசலைக் கடந்து போனால் சுக்கரிய்யா, சர்க்கரைக் கடைகள் இருந்த இடம். இங்கே பஸ்பூஸா கிடைத்தால் சாப்பிடுங்கள். ரவையைச் சுட்டு, சர்க்கரைப் பாகில் ஊற வைத்தது. ரமலானில் வந்தால் கதாயிஃப் கட்டாயம். தோசை போல் வட்டமாக ஊற்றி, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு, உள்ளே பருப்பு வகைகள் வைத்து மடித்துப் பொரிப்பது.

பாப் ஸுவைலாவுக்கு முன்னால் இடப்பக்கம் பாருங்கள். நஃபீஸா அல்-பைளா என்ற பெண்மணி 1796இல் கட்டிய சபீலும் பாடசாலையும் அது. பக்கத்திலேயே ஒரு வகாலாவும் கட்டினார். வகாலாவின் வருமானம் சபீலுக்கு. தண்ணீர் கொடுப்பதோடு நிற்காமல், தாம் இறந்தபின்னும் தண்ணீர் ஓடுவதற்கான வழியையும் அவர் செய்து வைத்தார்.

வாசலைக் கடந்தால் கியாமிய்யா. கூரை போட்ட சிறிய தெரு, இருபுறமும் கூடாரத் துணி தைப்பவர்கள். வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் அவர்கள் வேலைப்பாடு உலகப் புகழ் பெற்றது. அந்த வடிவங்களை அச்சடித்த துணிகள்தான் ரமலானில் கெய்ரோ தெருக்களில் பந்தலாக ஏறுகின்றன. பந்தலுக்குக் கீழே நீண்ட மேசைகள் போடப்படும். மவாயிதுர் ரஹ்மான், அதாவது ரஹ்மானின் விருந்து மேசைகள் என்று அவற்றுக்குப் பெயர். மஃரிப் பாங்குக்குச் சற்று முன் போனால் போதும். கூலித் தொழிலாளி, பேருந்து ஓட்டுநர், வழிதவறிய சுற்றுலாப் பயணி எல்லோருக்கும் தட்டு வைத்திருப்பார்கள். பேரீச்சம்பழமும் தண்ணீரும் முதலில் வரும், பிறகு சோறும் காய்கறியும் ஒரு துண்டு இறைச்சியும்.